கரண்ட் போய் வந்தாலும் பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ ஆகாதிருக்க: வீட்டு வைஃபை பிரிண்டரை மாட்டுவதும் கோளாறு பார்ப்பதும்

“தம்பி, நேத்து ராத்திரி வரைக்கும் ஓடுச்சு. காலையில பார்த்தா ஆஃப்லைன்னு காட்டுது.”

ராமநாதபுரம் கடற்கரையில் கீழக்கரை, பெரியபட்டினம், மண்டபம் பக்கம் வீடுகளுக்குப் போய் பிரிண்டர் மாட்டிக் கொடுக்கிறேன். எனக்கு வரும் போன்களில் அதிகம் இதுதான். போய்ப் பார்த்தால் பிரிண்டரில் ஒரு பழுதும் இருக்காது. ராத்திரி கரண்ட் போய் வந்திருக்கும், அவ்வளவுதான். மாட்டிய அன்றே கால் மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்து ஒரு வேலையை முடித்திருந்தால் அந்த போனுக்கே தேவை இருந்திருக்காது. அந்த வேலை கீழே 6-ஆவது படியில் இருக்கிறது. நேரே அங்கே தாவ வேண்டாம். முந்தைய படிகள் சரியாக இல்லாவிட்டால் அதுவும் நிலைக்காது.

புதிதாக மாட்டுகிறவர்கள் தடுமாறுவது வரிசையில்தான். பெட்டி வந்ததும் பிரிண்டரை எடுத்து, இன்க் ஊற்றி, ஆப்பை இறக்கி, ‘பிரிண்டர் கிடைக்கவில்லை’ என்று வந்த பிறகுதான் ரௌட்டர் பக்கம் திரும்புகிறார்கள். நான் ரௌட்டரில்தான் தொடங்குவேன்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ஒரு தாளில் எழுதியிருக்கட்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் தெரிய எழுதுங்கள். “பையனுக்குத்தான் தெரியும், அவன் சென்னையில இருக்கான்” என்ற வீட்டில் பாதி நாள் போய்விடும்.

ரௌட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டு வேறு, வைஃபை பாஸ்வேர்டு வேறு. முதலாவது பெரும்பாலும் ரௌட்டரின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். இல்லையென்றால் இணைப்பு கொடுத்தவரிடம் முதல் நாளே கேட்டு வையுங்கள்.

ஒரு முனை சதுரமாக இருக்கும் யுஎஸ்பி கேபிள் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வைஃபை பிரிண்டருக்கு எதற்குக் கேபிள் என்று கேட்பார்கள். வைஃபை எவ்வளவு முயன்றும் ஏறாத நாளில், கேபிளைச் செருகி மென்பொருள் வழியாக வைஃபை விவரத்தைப் பிரிண்டருக்குக் கொடுத்துவிட்டுக் கழற்றிவிடலாம். பல பெட்டிகளில் இந்தக் கேபிள் வருவதில்லை.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில் இந்த வேலையில் இறங்காதீர்கள். முதல் இன்க் ஏறும் நேரத்தில் கரண்ட் போனால் வீண் தொல்லை.

2. முதலில் ரௌட்டர்

வீட்டுப் பிரிண்டர்களில் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும். ரௌட்டர்களோ 2.4, 5 இரண்டையும் கொடுக்கின்றன. இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால், போன் 5-இல் போய் உட்கார்ந்துகொள்ளும், பிரிண்டர் 2.4-ஐத் தேடும், ஆப் இரண்டையும் சேர்க்க முடியாமல் திணறும். அதனால் பெயரைப் பிரித்து வையுங்கள். 5-க்கு மட்டும் கடைசியில் ‘5ஜி’ என்று சேர்த்தால் போதும். மாட்டும் நேரத்தில் போனும் 2.4 பெயரில் இருக்கட்டும். வேலை முடிந்த பிறகு போனை 5-க்கு மாற்றினாலும், ஒரே ரௌட்டர் என்றால் பிரிண்ட் போகும்.

ரௌட்டருக்குள் போக, அதே வைஃபையில் இருந்துகொண்டு பிரவுசரில் 192.168.1.1 என்று தட்டுங்கள். சிலவற்றில் 192.168.0.1, ஜியோ ரௌட்டரில் 192.168.29.1. எதுவும் திறக்காவிட்டால் விண்டோஸ் கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால், ‘டிஃபால்ட் கேட்வே’ என்ற வரியில் ரௌட்டரின் எண் இருக்கும்.

உள்ளே போனதும் இன்னும் சில இடங்களைப் பார்த்துவிடுங்கள். பாதுகாப்பு முறை ‘டபிள்யூபிஏ3 மட்டும்’ என்று இருந்தால் பழைய பிரிண்டர்கள் சேராது. டபிள்யூபிஏ2, அல்லது 2-ம் 3-ம் கலந்த முறைக்கு மாற்றுங்கள். 2.4-இன் சேனல் ‘ஆட்டோ’வில் இருந்து தகராறு செய்தால் 1, 6, 11 மூன்றில் ஒன்றைக் கையால் தேர்ந்தெடுங்கள். 12, 13-ஆவது சேனல்கள் சில பிரிண்டர்களின் கண்ணுக்கே தெரியாது. ‘ஏபி ஐசொலேஷன்’ என்று ஒன்று இருக்கும். அது ஆன் ஆகியிருந்தால் ஒரே வைஃபையில் இருக்கும் கருவிகள் ஒன்றை ஒன்று பார்க்க முடியாது. இணையம் எல்லாவற்றிலும் ஓடும், பிரிண்ட் மட்டும் போகாது. விருந்தாளிகளுக்கான ‘கெஸ்ட்’ வைஃபையும் இப்படித்தான். பிரிண்டரை ஒருபோதும் அதில் சேர்க்காதீர்கள்.

வைஃபை பெயரில் தமிழ் எழுத்தோ இதயப் பொம்மையோ வைத்திருக்கிறீர்களா? போனுக்கு அது அழகு. பிரிண்டரின் சின்னத் திரையில் வெறும் கட்டங்களாகத் தெரியும், சிலவற்றில் சேரவே சேராது. ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாற்றிவிடுங்கள்.

மாடி வீடுகளில் அடிக்கடி பார்ப்பது: ஃபைபர் பெட்டி ஒரு வைஃபை கொடுக்கும், மேலே தனியாக வாங்கி மாட்டிய ரௌட்டர் இன்னொரு வைஃபை கொடுக்கும். கீழே பிரிண்டர், மேலே லேப்டாப். இரண்டும் இருவேறு நெட்வொர்க், அதனால் ஒன்றுக்கொன்று தெரியாது. மேலே உள்ள ரௌட்டரை ‘ஆக்சஸ் பாயிண்ட்’ முறைக்கு மாற்றினால் வீடு முழுக்க ஒரே நெட்வொர்க் ஆகிவிடும்.

3. வைக்கும் இடம்

பழைய வீடுகளில், குறிப்பாகக் கீழக்கரையில், சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய கனமான சுவர்கள் உண்டு. வாசல் ஹாலில் ரௌட்டர், மூன்றாவது அறையில் பிரிண்டர் என்றால் அலை வந்து சேராது. போனில் வைஃபை கோடு இரண்டு இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். பிரிண்டரின் ஆன்டெனா போனைவிட மட்டமாக இருப்பதே வழக்கம்.

இரும்பு பீரோ மேல், பீரோவுக்குப் பின்னால், ஃபிரிட்ஜ் பக்கத்தில் வைக்க வேண்டாம். இரும்பு அலையை மறிக்கும். இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கும் மூலையும் ஆகாது, அங்கே வரும் ஆவி உலோகத்தை அரிக்கும். கடல் பக்க ஜன்னலை விட்டு உள்ளே தள்ளி வையுங்கள். இந்தக் கரையில் சைக்கிள் செயினுக்கு நேர்வதுதான் பிரிண்டரின் உருளைக் கம்பிக்கும் நேரும்.

மேசை சமமாக இருக்கட்டும். இன்க் டேங்க் சாய்ந்து நின்றால் அளவுக் கோடு பொய் சொல்லும்.

லேசர் பிரிண்டர் வாங்கியிருந்தால் அதைச் சின்ன யுபிஎஸ்ஸிலோ இன்வெர்ட்டர் லைனிலோ செருகாதீர்கள். டோனரை உருக்கும் உருளை சூடேறும்போது பல நூறு வாட் இழுக்கும், யுபிஎஸ் கத்தி அணைந்துவிடும். இன்க் டேங்க் பிரிண்டர் அப்படியில்லை, சின்ன எல்இடி பல்பு ஒன்றிரண்டு எரியும் அளவுக்குத்தான் இழுக்கும்.

4. இன்க் ஊற்றுவதும் முதல் ஓட்டமும்

ஆரஞ்சு, நீல நிற டேப்புகளை எல்லாம் உரித்துவிட்டீர்களா என்று மூடியைத் திறந்து உள்ளேயும் பாருங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் ஒரு துண்டு, தாளில் இன்க் தெளிக்கும் ஹெட் நகரும்போது மாட்டி, முதல் நாளே ‘பேப்பர் ஜாம்’ என்று காட்டும்.

பழைய துணியை விரித்து, பாட்டில் நிறத்தையும் டேங்க் நிறத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஊற்றுங்கள். சிரிப்பாக இருக்கும். நிறம் மாற்றி ஊற்றியதைச் சரிசெய்ய ஆகும் செலவு சிரிப்பாக இருக்காது. மேல் கோட்டைத் தாண்ட வேண்டாம்.

முதல் முறை குழாய்களில் இன்க் ஏறப் பத்து நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். இரைச்சல் வரும், நிற்கும், மறுபடி வரும். ‘நின்றுவிட்டதே’ என்று சுவிட்சை அணைக்காதீர்கள். விளக்கு மினுக்குவது நின்று நிலையாக எரியும் வரை விட்டுவிடுங்கள். பிறகு ‘நாசில் செக்’ தாள் ஒன்றை எடுங்கள், ஹெட்டின் துளைகளில் எல்லாம் இன்க் வருகிறதா என்று காட்டும் சோதனைத் தாள் அது. கோடுகள் விடுபடாமல் வந்தால்தான் வைஃபைக்குப் போக வேண்டும். இல்லையென்றால் நாளைக்கு வெள்ளைத் தாள் வரும்போது குறை வைஃபையிலா இன்க்கிலா என்று பிரித்துப் பார்க்க முடியாது.

5. வைஃபையில் சேர்ப்பது

அந்தந்த நிறுவனத்தின் ஆப்பைப் போனில் முன்பே இறக்கி வையுங்கள். பிறகு போனில் மொபைல் டேட்டாவை அணையுங்கள். இதுதான் பெரும்பாலானோர் வழுக்கும் இடம். சேர்க்கும்போது பிரிண்டர் தானே ஒரு தற்காலிக வைஃபை கொடுக்கும், போன் அதில் ஏறும். அதில் இணையம் இருக்காது. ‘இங்கே நெட் இல்லை’ என்று போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், ஆப் பாதியில் நிற்கும். புளூடூத், லொகேஷன் இரண்டையும் ஆன் செய்து, ஆப் கேட்கும் அனுமதிகளைக் கொடுங்கள். ஐபோனில் ‘லோக்கல் நெட்வொர்க்’ அனுமதியை மறுத்துவிட்டால் ஆப்புக்குப் பிரிண்டர் தெரியவே தெரியாது.

பிரிண்டரின் வைஃபை விளக்கு மினுக்கினால் அது சேரத் தயாராக இருக்கிறது என்று பொருள். நிலையாக எரிந்தால் சேர்ந்துவிட்டது. எச்பி பிரிண்டர்கள் ஆன் ஆனதிலிருந்து 2 மணி நேரம்தான் இந்தச் சேரும் நிலையில் இருக்கும். காலையில் ஆன் செய்து வைத்துவிட்டு மத்தியானச் சோற்றுக்குப் பிறகு உட்கார்ந்தால் ஆப் கண்டுபிடிக்காது. வைஃபை பொத்தானை அழுத்தி அந்த நிலையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். எந்தப் பொத்தான், எத்தனை வினாடி என்பது மாடலுக்கு மாடல் மாறும். பெட்டியில் வரும் மடிப்புத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.

திரை இல்லாத பிரிண்டருக்கு, பாஸ்வேர்டு தட்டாமலே சேர்க்கும் டபிள்யூபிஎஸ் பொத்தான் எளிது. ரௌட்டரில் ஒன்று, பிரிண்டரில் ஒன்று, இரண்டையும் 2 நிமிடத்துக்குள் அழுத்த வேண்டும். ரௌட்டர் மாடியில், பிரிண்டர் கீழே என்றால் ஓட வேண்டாம், மேலே ஒருவரை நிற்க வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று தடவை முயன்றும் ஏறாவிட்டால், பிரிண்டரை ரௌட்டர் இருக்கும் அறைக்கே தூக்கிக்கொண்டு போய் அங்கே வைஃபையில் சேர்த்துப் பாருங்கள். டேங்க் சாயாமல் தூக்குங்கள். அங்கே சேர்ந்து இங்கே சேராவிட்டால் குறை சுவரில்தான்.

6. முகவரியைப் பூட்டுவது

இதைச் செய்யாமல் எழுந்திருக்காதீர்கள்.

விசைப்படகுகள் கடலுக்குப் போகும் முன் டோக்கன் வாங்குவது தெரியும்தானே. ரௌட்டரும் அப்படித்தான் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் கொடுக்கிறது. அதுதான் ஐபி முகவரி. கரண்ட் போய் வந்ததும் கருவிகள் திரும்ப வந்து வரிசையில் நிற்கும். நேற்று பிரிண்டருக்குக் கிடைத்த எண் இன்று ஒரு போனுக்குப் போயிருக்கலாம். கம்ப்யூட்டர் பழைய எண்ணிலேயே பிரிண்டரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். பதில் வராது. ‘ஆஃப்லைன்.’

கீழக்கரையில் ஒரு லாத்தா (அக்கா) வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தபோது ஒரே பிரிண்டர் நான்கு பெயரில் இருந்தது. அசல் ஒன்று, ‘காப்பி 1’, ‘காப்பி 2’, ‘காப்பி 3’. ஒவ்வொரு முறை ஆஃப்லைன் ஆனபோதும் மகன் புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறான். “இதுல எதை அமுக்கணும்னு அவனுக்கும் தெரியல தம்பி. ஒண்ணொண்ணா அமுக்குறோம், ஒருநாள் ரெண்டாவது வேலை செய்யுது, ஒருநாள் நாலாவது” என்றார். பிரிண்டரிலிருந்து நெட்வொர்க் தாளை எடுத்தேன். அதில் முகவரி 105-இல் முடிந்தது. கம்ப்யூட்டரில் இருந்த நான்கும் 103, 104, 107, 110 என்று தேடிக்கொண்டிருந்தன. நான்கையும் நீக்கி, எண்ணைப் பூட்டி, ஒன்றை மட்டும் சேர்த்தோம்.

செய்முறை: பிரிண்டரிலிருந்து ‘நெட்வொர்க் ரிப்போர்ட்’ தாளை எடுங்கள். அதில் ஐபி முகவரியும், இரண்டிரண்டு எழுத்தாகப் பிரிந்த 12 எழுத்து ‘மேக்’ முகவரியும் இருக்கும். ரௌட்டருக்குள் போய், எண்களைப் பங்கிடும் ‘டிஎச்சிபி’ பகுதியில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ அல்லது ‘ஸ்டாடிக் லீஸ்’ என்ற இடத்தைத் தேடி, அந்த மேக் முகவரிக்கு ஒரு எண்ணை எழுதிவிடுங்கள். நான் எப்போதும் 200-ஐக் கொடுப்பேன். 192.168.1.200 என்றால் ஞாபகம் வைக்க எளிது. பிரிண்டரை அணைத்து ஆன் செய்து, தாளை மறுபடி எடுத்து எண் மாறிவிட்டதா என்று பாருங்கள். அந்தத் தாளை மடித்துப் பிரிண்டரின் அடியிலேயே வையுங்கள். எனக்குப் போன் செய்தால் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

ரௌட்டரில் அந்த இடம் பூட்டியிருந்தால், பிரிண்டரின் அமைப்புக்குள்ளேயே எண்ணைக் கையால் கொடுக்கலாம். பிரவுசரில் பிரிண்டரின் இப்போதைய முகவரியைத் தட்டினால் அதன் சொந்தப் பக்கம் திறக்கும். நெட்வொர்க், ஐபிவி4, ‘மேனுவல்’. சப்நெட் 255.255.255.0, கேட்வே உங்கள் ரௌட்டரின் எண். ரௌட்டர் தானாகக் கொடுக்கும் வரம்புக்கு வெளியே உள்ள எண்ணாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே எண் இருவருக்குப் போய் இருவருமே முடங்குவார்கள். இந்த வழியில் ஒரு குறை உண்டு: நாளை வேறு ரௌட்டர் வந்து அதன் எண் வரிசை வேறாக இருந்தால், பிரிண்டரின் நெட்வொர்க் அமைப்பை அழித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் ரிசர்வேஷன்தான் எனக்குப் பிடித்த வழி.

ரௌட்டருக்கு மட்டும் 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒன்று போட்டுவிட்டால் பாதித் தொல்லை குறையும். வாங்கும் முன் ரௌட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. கம்ப்யூட்டரில் சேர்ப்பது

விண்டோஸில் செட்டிங்ஸ், ‘புளூடூத் அண்ட் டிவைசஸ்’, ‘பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்’, ‘ஆட் டிவைஸ்’. தானாகக் கண்டுபிடித்துக் காட்டும் பெயரை உடனே அமுக்கிவிடாதீர்கள். கம்ப்யூட்டர் பிரிண்டரை அடையும் வழிக்குப் போர்ட் என்று பெயர். அப்படிச் சேரும்போது பல நேரம் ‘டபிள்யூஎஸ்டி’ என்ற போர்ட்டில் போய் உட்காரும். அது பிரிண்டரை எண்ணால் தேடாது, அறிவிப்பால் தேடும், அந்த அறிவிப்பு தவறினால் மறுபடி ஆஃப்லைன்தான். ‘ஆட் மேனுவலி’ என்பதை எடுத்து, ஐபி முகவரியால் சேர்க்கும் வழியில் நீங்கள் பூட்டிய எண்ணைக் கொடுங்கள். எண்ணைப் பூட்டிவிட்டு டபிள்யூஎஸ்டி-இல் சேர்த்தால் பூட்டியதற்குப் பலனே இல்லை.

‘லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரிண்டர்’ என்பதை அணையுங்கள். ஆனில் இருந்தால் கடைசியாகப் பயன்படுத்தியது எதுவோ அதுவே முதல் பிரிண்டர் ஆகிவிடும். ஒருமுறை பிடிஎஃப்பாகச் சேமித்துவிட்டு, அடுத்த நாள் பிரிண்ட் கொடுத்தால் ‘எங்கே சேமிக்க?’ என்று கேட்கும். “பிரிண்டர் வேலை செய்யல” என்று அதற்கும் போன் வரும்.

வீட்டு வைஃபை ‘பிரைவேட்’ என்று இருக்கட்டும், ‘பப்ளிக்’ வேண்டாம்.

8. போனில் சேர்ப்பது

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் ‘பிரிண்டிங்’ என்று தேடி, பிரிண்ட் சர்வீஸை ஆன் செய்யுங்கள். ஐபோனில் தனியாக எதுவும் வேண்டாம், ஐபோனிலிருந்து நேரே பிரிண்ட் வாங்கும் ‘ஏர்பிரிண்ட்’ வசதி பிரிண்டரில் இருந்தால் போதும்.

எங்கள் பக்கத்தில் ஒரு விசேஷக் கோளாறு. வளைகுடாவிலிருந்து லீவில் வந்த காக்கா (அண்ணன்) போனில் மட்டும் பிரிண்டர் தெரியாது, வீட்டில் மற்ற எல்லோருக்கும் தெரியும். மேலே பட்டையில் சின்னச் சாவிக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே போட்ட விபிஎன், அதாவது இணையத்தை வேறு வழியாகச் சுற்றி அனுப்பும் ஆப், இங்கேயும் ஓடிக்கொண்டிருக்கும். அதை அணைத்தால் பிரிண்டர் வந்துவிடும்.

தாளின் அளவு ‘லெட்டர்’ என்று இருந்தால் ஏ4-க்கு மாற்றுங்கள். லெட்டர் தாள் ஏ4-ஐவிட 18 மில்லிமீட்டர் குட்டை, 6 மில்லிமீட்டர் அகலம். ஆதார் நகல் ஓரம் வெட்டுப்பட்டு வருவதற்கும், பிரிண்டர் ‘பேப்பர் மிஸ்மேட்ச்’ என்று நின்றுவிடுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். வாட்ஸ்அப்பில் வரும் பாஸ்போர்ட் நகல் மங்கலாக விழுந்தால் பிரிண்டரைத் திட்டாதீர்கள். அனுப்பியவரிடம் ‘டாக்குமென்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள், போட்டோவாக அனுப்பினால் அது சுருங்கித்தான் வரும்.

9. ‘ஆஃப்லைன்’ என்றால் இந்த வரிசையில் பாருங்கள்

டிரைவரை (கம்ப்யூட்டரில் பிரிண்டரை இயக்கும் மென்பொருளை) அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் எல்லோர் கையும் முதலில் போகும் இடம். அதைக் கடைசியில் வையுங்கள். முதலில் குறை எந்தப் பக்கம் என்று பிரிக்க வேண்டும்.

பிரிண்டரின் வைஃபை விளக்கைப் பாருங்கள். மினுக்கினால் அது ரௌட்டரோடு சேரவில்லை. இரண்டையும் அணைத்து, ரௌட்டரை முதலில் ஆன் செய்து, அது முழுதாக எழுந்த பிறகு பிரிண்டரை ஆன் செய்யுங்கள். இந்த வரிசை முக்கியம். கரண்ட் வந்ததும் இரண்டும் ஒன்றாக எழுந்தால், ரௌட்டர் தயாராகும் முன்பே பிரிண்டர் தேடிச் சலித்து உட்கார்ந்திருக்கும்.

விளக்கு நிலையாக எரிந்தால், அதே வைஃபையில் இருக்கும் போனில் பிரவுசரைத் திறந்து பிரிண்டரின் எண்ணைத் தட்டுங்கள். எனக்கு மிகப் பிடித்த சோதனை இது, அரை நிமிடம்தான் ஆகும். பிரிண்டரின் பக்கம் திறந்தால் வைஃபை, ரௌட்டர், பிரிண்டர் மூன்றும் நலம், குறை கம்ப்யூட்டரில். திறக்காவிட்டால் கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டாம், நெட்வொர்க் தாளை எடுங்கள்.

தாளில் எண் 169.254 என்று தொடங்கினால் ரௌட்டர் அதற்கு எண்ணே கொடுக்கவில்லை. பிரிண்டர் தானாக ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறது. பாஸ்வேர்டு மாறியதா, ரௌட்டர் மாறியதா என்று விசாரியுங்கள். புது ரௌட்டர் மாட்டினால் ஒரு உபாயம்: பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் புதியதற்கும் வையுங்கள். பிரிண்டர், டிவி, கேமரா எதையும் தொடாமலே எல்லாம் ஏறிக்கொள்ளும். 6-ஆவது படியின் பூட்டை மட்டும் மறுபடி போட வேண்டும்.

பக்கம் திறக்கிறது, கம்ப்யூட்டர் மட்டும் ஆஃப்லைன் என்கிறதா? ‘பிரிண்டர் பிராபர்ட்டீஸ்’, ‘போர்ட்ஸ்’ போய், டிக் இருக்கும் போர்ட்டின் எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாகவே இருந்தும் ஆஃப்லைன் என்றால் ‘கான்ஃபிகர் போர்ட்’டில் ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு’ என்ற டிக்கை எடுங்கள். பிரிண்டரின் நலம் விசாரிக்கும் கேள்வி அது. சில வீட்டுப் பிரிண்டர்கள் அதற்குப் பதில் சொல்லாது, பதில் வராததை விண்டோஸ் ‘ஆஃப்லைன்’ என்று எடுத்துக்கொள்ளும்.

10. வரிசையில் சிக்கி நிற்கும் பிரிண்ட்

‘டிலீட்டிங்’ என்று காட்டிக்கொண்டே போகாமல் நிற்கும். மறுபடி மறுபடி பிரிண்ட் கொடுக்காதீர்கள், வரிசை திறந்துகொள்ளும் நேரத்தில் ஒரே கேள்வித்தாள் 11 தடவை வரும். விண்டோஸில் ‘சர்வீசஸ்’ என்று தேடித் திறந்து பிரிண்ட் வரிசையை நடத்தும் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ என்பதை நிறுத்துங்கள். சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ். அந்தக் கடைசி ஃபோல்டருக்குள் இருப்பதை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை அழிக்க வேண்டாம். ஸ்பூலரைத் திரும்ப ஓட விடுங்கள்.

11. பிராட்பேண்ட் இல்லாத வீட்டில்

போன் டேட்டாவில் மட்டும் ஓடும் வீடுகள் இந்தக் கரையில் நிறைய. அங்கும் பிரிண்டர் ஓடும். பிரிண்டரின் ‘வைஃபை டைரக்ட்’டை ஆன் செய்தால் போன் நேரே அதில் சேரலாம். அடிக்கடி பிரிண்ட் எடுப்பவர்கள் ஒரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அதில் பிரிண்டரையும் இன்னொரு போனையும் சேர்ப்பது நல்லது. ஹாட்ஸ்பாட் கொடுக்கும் போனிலிருந்தே பிரிண்ட் கொடுத்தால் சிலவற்றில் பிரிண்டர் தெரியாது. ஹாட்ஸ்பாட் 2.4-இல் இருக்க வேண்டும். ஐபோனில் ‘மேக்ஸிமைஸ் கம்பேட்டிபிலிட்டி’ என்பதை ஆன் செய்தால் 2.4 வரும்.

12. உப்புக் காற்றும் ஐப்பசி ஈரமும்

வாடை தொடங்கி மழை பிடித்ததும் ‘இரண்டு தாள் சேர்ந்து இழுக்குது’, ‘தாள் சுருண்டு மாட்டுது’ என்று புகார் மாறும். காகிதம் ஈரத்தைக் குடித்திருக்கும். பிரித்த கட்டை அதன் உறையிலேயே சுருட்டி, மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு, பீரோவுக்குள் வையுங்கள். தட்டில் அன்றைக்குத் தேவையான 10, 20 தாள் மட்டும். போடும் முன் கட்டை விசிறி உதறுங்கள். லேசர் பிரிண்டரில் ஈரத்தாள் போனால் சூட்டில் ஆவி கிளம்பித் தாள் சுருங்கி வரும்.

பின்னால் நிமிர்ந்து நிற்கும் தாள் தட்டு, மணலும் உப்பும் விழ வசதியான புனல். வேலை முடிந்ததும் மூடி, பருத்தித் துணியால் போர்த்துங்கள். பிரிண்டரை எப்போதும் அதன் பொத்தானால் அணையுங்கள். அப்போதுதான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்குள் அமரும். சுவர் சுவிட்சால் அணைத்தால் ஹெட் பாதி வழியில் திறந்தபடி நின்று காய்ந்துபோகும்.

வாரம் ஒருமுறை நான்கு நிறமும் உள்ள ஒரு தாள் எடுங்கள். வீட்டைப் பூட்டிவிட்டு மாதக் கணக்கில் துபாயோ சென்னையோ போய்த் திரும்பியவர்கள் வந்ததும் ‘ஹெட் கிளீனிங்’கைப் பத்துத் தடவை ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு கிளீனிங்கும் இன்க்கை உறிஞ்சி, அடியில் இருக்கும் கழிவுப் பஞ்சில் விடுகிறது. அந்தப் பஞ்சு நிறைந்தால் பிரிண்டரே நின்றுவிடும். முதலில் நாசில் செக் எடுங்கள். கோடு விடுபட்டால் ஒரு கிளீனிங், மறுபடி நாசில் செக். மூன்று முறைக்கு மேல் போகாதீர்கள். அணைத்துவிட்டு ஒரு ராத்திரி சும்மா விடுங்கள். காய்ந்த இன்க் ஊறி இளகும், காலையில் எடுக்கும் நாசில் செக்கில் விடுபட்ட கோடுகள் பல நேரம் தானே திரும்பியிருக்கும். அப்போதும் ஒரு நிறம் முழுக்க வராவிட்டால் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். அவரிடம் காட்ட ராத்திரி எடுத்த தாளையும் காலையில் எடுத்த தாளையும் தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.